தண்ணீர் ஆறும் வரை

நேற்று உச்சிப்புளி ரயில்வே கேட்டில் ஒரு மீன் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். ஐஸ் உருகிய தண்ணீர் சட்டையெல்லாம் தெளித்தது. வீட்டில் என்ன பதில் சொல்வது என்று யோசிக்க வேண்டியவன், அந்தோணி அண்ணனை நினைத்துக்கொண்டு நின்றேன்.

புற்றுநோய் மருத்துவமனையில், கட்டியின் மேல் பாய்ச்சும் எலக்ட்ரான் கற்றையின் அளவைச் சரிபார்ப்பது என் வேலை. எங்கள் பக்கத்தில் அந்தச் சிகிச்சைக்குப் பெயர் ‘கரண்டு வைக்கிறது’. மகன் மின்வாரியத்தில் இருப்பதாகவே அய்யா ஊரில் சொல்லிவந்தார். மரியாதை கூடியதால் நானும் மறுக்கவில்லை.

அந்தோணி அண்ணன் வந்த காலத்தில் கற்றையை அளப்பதற்குப் பெரிய தொட்டி ஒன்று இருந்தது. அதில் தண்ணீரை நிரப்பி, விரல் அளவுக் கருவியை முக்கி, கற்றையைப் பாய்ச்சுவோம். மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே. என் உடம்பில் மட்டும் டீ.

அந்தோணி அண்ணன் பாம்பன்காரர். காதுமடலில் புற்று. மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் சிகிச்சையை முடித்துக்கொள்ள வந்தவர். சிகிச்சையின் கடைசி நாள் காலையில் எந்திரம் கற்றையின் அளவை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டியது. தொட்டியில் அளக்காமல் அவரைப் படுக்கவைக்க முடியாது. தண்ணீர்க் கேன்களோ வெயிலில் வெந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. சூடு ஆறாமல் அளந்தால் கணக்கு தப்பும்.

“சாயங்காலத்துக்குள்ள கரையில நிக்கணும் சார். இல்லைன்னா படகுல என் எடத்துல வேற ஆளு ஏறிருவான். தடை முடிஞ்சு மொதப் பாடு, மீனு அள்ளிக்கிட்டு வரும்!”

“தண்ணி ஆறணும்ணே.”

வெளியே போனவர், மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் பையோடு திரும்பினார். அதில் இரண்டு செதில்கள் மினுங்கின.

“இதப் போடுங்க, ஆறிரும்.”

“தண்ணி ஒரே சீரா ஆறணும்ணே. இது எடத்துக்கு எடம் மாறிரும்.”

அவர் மனைவி ஜெசிந்தா அக்கா சிரித்துவிட்டார். “அவரு என்ன மீன் கொழம்பா வைக்கிறாரு? பேசாம உக்காருங்க. காத வச்சுத்தான நான் சொல்றதக் கேக்கணும்!”

“கேட்டுட்டாலும்” என்றபடி அண்ணன் உட்கார்ந்தார். கூடவே நானும். மதியம் முழுக்க அவர் நண்டு பிடித்த கதை, என் சம்பந்தமில்லாத சந்தேகங்கள். சாயங்காலம் அளந்தபோது எந்திரம் உண்மையிலேயே கூடுதலாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. சரிசெய்து, கடைசிக் கரண்டை வைத்து அனுப்பினோம்.

அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது படகைப் பற்றிக் கேட்டேன்.

“வேற ஆளு ஏறிட்டான் சார். நல்ல பாடு வேற. விடுங்க, காது இருக்குல்ல.”

இப்போது தொட்டியை எப்போதாவதுதான் நிரப்புகிறோம். காலையில் எந்திரத்துக்குக் கீழே அளக்கும் தட்டையான பெட்டி ஒன்றை வைத்தால், என் டீ ஆறுவதற்குள் அளவு சரி என்று திரையில் பச்சை விழுந்துவிடுகிறது. யாரையும் உட்காரவைக்க வேண்டியதில்லை. வருகிறார்கள், படுக்கிறார்கள், போகிறார்கள். அவர்களில் யாருக்கு எந்தப் படகு காத்திருக்கிறது என்று எனக்குத் தெரிவதே இல்லை.