மைத்துனனுக்கு வாங்கிய பூட்ஸ்

கால்பந்தை ஒரு தடவைகூட உதைத்திராத நான், கல்லூரி அணிக்கே யோசனை சொன்ன மடையன். என் மனைவியின் தம்பி சேலத்துக் கல்லூரியில் முன்வரிசை ஆட்டக்காரன். அவன் கோல் போடாத ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஊருக்கு மலையேறும் வழியெல்லாம், கூட வந்த ஊர்க்காரர்களும் நானும் சண்டை போட்டோம்.

"கோச்சு அவன ஓரத்துல நிறுத்திப்புட்டாருங்க. நடுவுல உடோணும்," என்றார் ஒருவர்.

"பந்தே குடுக்காம எங்கீங்க கோல் போடறது?" என்றார் இன்னொருவர்.

"வெறுங்காலோட ஆடறதுதான் கோளாறு," என்று நான் தீர்ப்புச் சொன்னேன். என் காலிலும் செருப்பு இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மிளகு விற்ற கையோடு பூட்ஸ் வாங்கி, அடுத்த ஆட்டத்தன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கோச் வேண்டாமென்றார். அக்காள் புருஷன் தந்ததை மறுக்கக் கூடாதென்று அவன் காலில் மாட்டிக்கொண்டான். பிறந்தது முதல் பாறைகளில் வெறுங்காலோடு ஓடியவன், அன்று கோலுக்கு முன்னால் மூன்று முறை வழுக்கி விழுந்தான். அணி தோற்றது. கோச் அவனை அணியிலிருந்தே எடுத்துவிட்டார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "மாப்ளே, கோச்சுகிட்ட நான் வந்து பேசட்டுமா?" என்றேன்.

அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "நீங்க இனிமே மேட்ச்சுக்கே வர வேண்டாமுங்க, மாமா."