கன்னட எழுத்தில் கொள்ளு ரசம்

பாஞ்சாலி பெங்களூர் அல்சூரில் ஏழாம் வகுப்பு வரை கன்னடப் பள்ளியில் படித்தவள். பேசுவது தமிழ், எழுதத் தெரிந்தது கன்னடம். 1983 ஜனவரியில் கோலார் தங்கவயலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மாமியார் முத்தம்மாவுக்கு எழுத்தே தெரியாது. சமையல் பக்குவத்தையும் கைமருந்தையும் மாமியார் சொல்லச் சொல்ல, மருமகள் அந்தத் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதிவைத்தாள். பதினாறு ஆண்டுகள், நூற்று எண்பத்தாறு பக்கங்கள்.

தங்கச் சுரங்கம் மூடியபின் குடும்பம் பெங்களூர் மர்பி டவுனுக்கு வந்தது. முத்தம்மா இறந்த மறுவருடம், 2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் தாயம்மா ஜோகுபாளையத்திலிருந்து மகன் கிஷோரோடு வந்து இறங்கினாள். தங்கவயல்காரர்களின் சங்க மலரில் அந்தக் குறிப்புகளைப் போட வேண்டும், முத்தம்மா பெயரில்.

"எங்கம்மா நோட்டை எடு."

"எழுதினது நான், அண்ணி. என் பேரையும் போடுங்க, தரேன்."

"பாத்திரம் கழுவ வந்தவளுக்குப் பேரு வேற கேக்குதா?"

"உங்கம்மா பென்ஷன் பேப்பர்லயே கைநாட்டுதான் வெச்சாங்க."

"தங்கவயல்ல பக்கத்து லைன் வீட்டுக் கன்னட வாத்தியார் மஞ்சுநாத்து சார் எழுதிக் குடுத்திருப்பாரு. உனக்கு ஏது அவ்ளோ எழுத்து?"

தாயம்மா அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டாள். தமிழ்ப் பள்ளியில் படித்தவளுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆட்டோ ஓட்டும் கிஷோர் கன்னடம் சரளமாகப் படிப்பான், அவனிடம் நீட்டினாள்.

வீட்டில் யாருக்கும் கன்னடம் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் பாஞ்சாலி எழுதியது பக்குவம் மட்டுமல்ல. அதைப் படித்தால் மானம் போகும்; படிக்காவிட்டால் நோட்டு போகும்.

"எழுபத்திமூணாம் பக்கம் படி, கிஷோர்," என்றாள்.

"கொள்ளு ரசம். கொள்ளு அரை ஆழாக்கு, மிளகு பன்னிரண்டு, பூண்டு ஆறு பல்..." கிஷோர் நிறுத்தினான். "அத்தை, இதுக்குக் கீழே..."

"படி."

"உரக்கப் படிடா," என்றாள் தாயம்மா.

"கிழவி பூண்டை எண்ணினாள். ஒரு பல்லை நான் தின்றுவிட்டேனாம். அவள் நாக்கில் புழு வைக்க. தாயம்மா வந்து ஒன்பது நாளாகிறது. குடிப்பது குண்டான் குண்டானாக, கழுவுவது ஒரு டம்ளர்கூட இல்லை."

"மஞ்சுநாத்து சாரா எழுதினாரு?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

தாயம்மா நோட்டைப் பிடுங்கித் தரையில் விட்டெறிந்தாள். "செத்தவளை இப்படியா எழுதுவே? நீ நல்லாவே இருக்கமாட்டே."

"உயிரோட இருக்கறப்பதான் எழுதினேன், அண்ணி."

நோட்டைப் பாஞ்சாலி தானே சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏப்ரலில் மலர் வந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் கொள்ளு ரசம், எழுதியவர் பாஞ்சாலி. கீழே இருந்த வரிகளைச் சங்கத்தார் விட்டுவிட்டார்கள்.

அடுத்த தையில் தாயம்மாவின் பேத்திக்குக் கல்யாணம். மர்பி டவுனுக்குப் பத்திரிகை வரவில்லை. அன்று பாஞ்சாலி அவரைக்காய் உரித்து, பருப்பைத் தோல் நீக்கிப் பிதுக்கிக் குழம்பு வைத்தாள். வருஷா வருஷம் ஜோகுபாளையத்துக்குக் குழம்போடு போகும் தூக்குவாளி இந்த முறை போகவில்லை.