உடைவதற்கென்று நிறுத்திய குழாய்கள்

போன மாதம் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது நெடுஞ்சாலைத் துறை ஓவர்சியர் ரத்தினத்தின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டாங்க மாமா" என்றாள். வாய் கொப்பளிக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். எழுபதுகளில் விருத்தாசலத்தில் அவருடைய நச்சரிப்பைச் சகித்தவர்கள் எங்களில் பலர் உண்டு. இனி அது இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

அப்போது நான் பீங்கான் பட்டறையில் சூளையைக் கவனித்துவந்தேன். பெண்ணாடம் சாலைக்குக் குறுக்கே மேலே போன பாலத்தின் தூணை ஒரு களிமண் லாரி இடித்துவிட்டது. சிமெண்டு பூசி வெள்ளையடித்தால் போதும் என்றார்கள் அதிகாரிகள். ரத்தினம் விடாமல் அனுமதி வாங்கி, தூணைச் சுற்றி நெருக்கமாகக் கம்பி வளையங்கள் கட்டி, புது கான்கிரீட் போட்டுப் பருமனாக்கினார். பிறகு என்னிடம் வந்து, சூளையில் கோணிப்போன சாக்கடைக் குழாய்களைக் கேட்டார். அவற்றைத் தூணுக்கு முன்னால் நிறுத்தி மணல் நிரப்பினார்.

"தூணு தாங்கிக்கும் சூளைக்காரரே. இடிக்கிறவனும் பொழைக்கணுமில்ல?" என்றார்.

லாரிக்காரர்களுக்கு அந்தக் குழாய்கள் காவல் தெய்வமாகிவிட்டன. மஞ்சள் பூசி எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டிகள் அங்கே மெதுவாகப் போனதில் ரத்தினத்துக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆயுத பூஜைக்கு முன்னால், சாமிக்குச் செய்வதாக நினைத்து, மணலை வாரிவிட்டு உள்ளே கான்கிரீட் கொட்டி மேடையும் கட்டிவிட்டார்கள். முன்னால் நின்று செய்தவன் களிமண் லாரி ஓட்டுகிறவர்களில் ஒருவனான காசிநாதன்.

ஓவர்சியர் கடப்பாரையோடு போனார். சாமியை இடிக்கப் போகிறார் என்று கூட்டம் கூடிவிட்டது. நானும் கூடப் போயிருந்தேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"கல்லாட்டம் ஆக்கிட்டியேப்பா காசி. மோதுனா இது அசையாது, நீதான் நசுங்குவ. சாமின்னா உனக்காக உடையணும்" என்றார்.

காசிநாதன் முறைத்துக்கொண்டே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டான். பிறகு கடப்பாரையை வாங்கி முதல் அடியை அவனே போட்டான். புதுக் குழாய்கள் வந்தன, மணல் நிரம்பியது.

அந்த மழைக்காலத்தில் பிரேக் பிடிக்காமல் காசிநாதனின் லாரியே வந்து மோதியது. குழாய்கள் தூள்தூளாயின. தூணில் ஒரு கீறல்கூட இல்லை. காசிநாதனுக்குக் கை மட்டும் ஒடிந்தது. சாமி உடைந்தது அபசகுனம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். ரத்தினம் சில்லுகளைப் பொறுக்கியபடி கண் கலங்கச் சிரித்தார். மறுநாளே என் சூளை வாசலில் நின்று, இந்தத் தடவை நன்றாகக் கோணியதாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்.

துக்கத்துக்குக் காசிநாதனும் வந்திருந்தார். "அன்னிக்கு அவரு கடப்பாரை எடுக்கலன்னா எனக்கு அப்பவே மாலை போட்டிருப்பாங்க" என்று அழுதார்.

எந்தப் பாலத்தடியில் போனாலும், வந்து மோதுகிறவனுக்கு அங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்று தேடுகிறேன். ரத்தினம் எனக்கு விட்டுப்போன பழக்கம் அது. பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. அப்போதெல்லாம் அவர் மேல்தான் கோபம் வருகிறது, அதற்குள் போய்விட்டாரே என்று.