விரதத்தில் நிறுத்திய மாத்திரை

என் கணவருக்கு முதலில் வந்தது மூக்கில் இரத்தம். மலேசியாவில், மலாக்காவை அடுத்த சிம்பாங் அம்பாட் பக்கம் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வெயில் சூடு என்று துடைத்துவிட்டு லாரியில் ஏறப் போனவரை நான்தான் கிளினிக்கிற்கு இழுத்துப் போனேன். பிரஷர் (உயர் இரத்த அழுத்தம்) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

தினமும் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க என்றார் டாக்டர். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். சில மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். அளவு இறங்கியது.

பிறகு மாசி மகம் வந்தது. காவடி எடுப்பதாக வேண்டியிருந்தார். விரதம் தொடங்கிய அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரையில் மாட்டுக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற சந்தேகம் எங்கள் ஆட்களில் பலருக்கு உண்டு. விரத வாய்க்குள் அது போகலாமா?

"டாக்டரக் கேட்டீங்களா?" என்றேன்.

"அவரக் கேட்டா சாப்பிடுன்னுதான் சொல்வாரு. எனக்குத் தலைவலி கூட இல்ல லா. முருகன் பாத்துக்குவாரு."

கெஞ்சினேன், சண்டை போட்டேன். சாமி காரியத்தில் குறுக்கே பேசாதே என்று வாயை அடைத்தார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் லாரியை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணுக்கு மறையும்வரை வாசலிலேயே நிற்பேன்.

காவடிக்கு முதல் நாள் காலை, பால்செம்பை விளக்கிக்கொண்டிருந்தார். செம்பு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார், வலது கை எழவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் கோணியது, பேச்சு குழறியது.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் மலாக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி நெடுக இடது கையால் என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி தளர்ந்துவிடக் கூடாது என்பதைத் தவிர என் மனதில் வேறொன்றும் இல்லை.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபடுவது) என்றார்கள். பிழைத்துவிட்டார். வார்டில் இருந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். நான் சொன்னதைக் கேட்டவர், மருந்தகத்தில் விசாரித்துவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"அங்கிள், இந்த மாத்திரையில மாட்டுச் சமாச்சாரம் ஒண்ணும் இல்ல. பிரஷர் வலிக்காது, சத்தமில்லாம ஏறும். சந்தேகம்னா எங்களக் கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

"கேட்டிருக்கலாம்," என்றார் இவர் குழறலாக. எனக்கு அழுகை வந்தது. நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

உங்கள் வீட்டிலும் விரதம் வரும். தயவுசெய்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கேட்பதால் சாமி கோபிக்காது.

கை பாதிதான் திரும்பியது. லாரி ஓட்டுவது போயிற்று. இந்த மாசியிலும் விரதம் இருந்தார், மாத்திரையோடு. காலையில் விபூதி பூசியதும் மாத்திரை அட்டையை எடுப்பார். மாத்திரையை நான் பிரித்துக் கொடுக்க விடமாட்டார். வலது கையால்தான் எடுப்பேன் என்று பிடிவாதம். விரல் வழுக்கும், மறுபடி அழுத்துவார். நான் அடுப்படியில் காது கொடுத்து நிற்பேன். அட்டை படக்கென்று உடையும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.