எருமைக் கொட்டகையில் சேலை கட்டினேன்

ஹைதராபாத் ஆய்வுக்கூடம் ஒன்றில் கிருமிகளை ஆராய்வது என் வேலை. நகரின் ஓரத்தில் அல்வாலில் எருமைப் பண்ணை வைத்திருக்கும் செல்வியக்கா, ஒரு குளிர்காலத்தில் பதறிப்போய்க் கூப்பிட்டார். ஒரு கன்று செத்துவிட்டது, மற்றவை இருமிக்கொண்டிருந்தன. கொட்டகைக் காற்றைப் பரிசோதிக்கப் போனேன்.

தலை முதல் கால்வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை, முகக்கவசம். உள்ளே நுழைந்ததும் எருமைகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. ஒன்று கொம்பை ஆட்ட, பின்வாங்கிய நான் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தேன்.

"நக்கோ சார், நக்கோ! இப்படிப் போக வேணாம். பேய்னு நினைச்சுக்கிச்சுங்க" என்று என்னைத் தூக்கிவிட்ட அக்கா, பால் கறக்கும்போது கட்டும் தன் பழைய சேலையை என்மேல் சுற்றினார். "இந்த வாசம் அதுங்களுக்குத் தெரியும். இப்போ போங்க."

முக்காடும் போட்டுக்கொண்டு போனேன். ஓர் எருமை என் தோளை நக்கியது.

"ஹவ், ஆமா, மருமகளா ஏத்துக்கிச்சு!" என்று சிரித்தார் அக்கா.

காற்றிலுள்ள கிருமிகளைப் பிடிக்க நான் அங்கே திறந்து வைத்த ஆய்வுத் தட்டுகளில் கிருமிகள் மண்டி வளர்ந்தன. குளிருக்காக மூடிய தார்ப்பாய்களைத் தூக்கிக் காற்றோட்டம் விடச் சொன்னேன். கன்றுகளின் இருமல் குறைந்தது.

கிருமிக்குப் பயந்து மூடிக்கொண்டு போன என்னைப் பார்த்து இன்னோர் உயிர் நடுங்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.