குக்கர்காரர் விற்ற ஜப்பான் கதை

பேசியே கல்லைக் கரைப்பவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். நம்ம குக்கர்காரர் கரைந்த கல்லை மறுபடி கெட்டியாக்கி, அதையும் விற்றுவிட்டு வருகிற ஆள். வாழ்க்கையில் பாதியை வீடு வீடாகப் போய் பிரஷர் குக்கர் விற்றே கழித்தவர். அவருடைய வித்தை ஒன்றே ஒன்றுதான். உள்ளே நுழைவார், அந்த வீட்டு அடுப்பிலேயே அந்த வீட்டு உருளைக்கிழங்கையே வேக வைப்பார், மூடியைத் திறக்கிற நேரம் வந்ததும், "நீங்களே திறந்து பாருங்கம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றுவிடுவார். திறந்தவர்கள் வாங்கினார்கள். அவ்வளவுதான் வியாபாரம்.

அந்த வாயே அவருக்கு வினையாகவும் வந்தது. கூடப் பிறந்த அக்கா என்றுகூடப் பார்க்காமல் அவள் தலையிலும் ஒரு குக்கரைக் கட்டினார். "யானை மிதிச்சாலும் இது வெடிக்காதுக்கா" என்றார். யானை எதுவும் வந்து மிதிக்கவில்லை. அக்கா மகளுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, அது தானாகவே வெடித்தது. மூடி போய் கூரையில் முட்டியது. மாப்பிள்ளையின் அப்பா சோபாவுக்கு அடியில் போய்விட்டார். அவரை வெளியே இழுக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். போனவர்கள் போனவர்கள்தான், திரும்பவில்லை. "இனிமே என் வாசப்படிய மிதிக்காதே" என்றாள் அக்கா. இவரும் ரோஷக்காரர், மிதிக்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. கடைத்தெருவில் அக்கா எதிரே வந்தால், இவர் சட்டென்று திரும்பி ஏதாவது ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை பூட்டுக்கடைப் பலகையை அவர் ரொம்ப நேரம் படித்ததைப் பார்த்து, கடைக்காரர் சந்தேகப்பட்டு வெளியே வந்துவிட்டார்.

அந்த வீட்டில் அவரோடு பேச்சை விடாதவள் அக்கா மகள் மட்டும்தான். அந்த மாப்பிள்ளையை அவளுக்குத் துளியும் பிடித்திருக்கவில்லை. "உங்க குக்கர் நல்லாயிருக்கணும் மாமா" என்று இன்றைக்கும் வாழ்த்துவாள்.

அவளுக்கு வேலை ஜப்பான் அனிமேஷன் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதிக் குரல் கொடுக்க வைப்பது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து ஒலிப்பதிவு அறையாக்கி வைத்திருந்தார்கள். கீழே எவனாவது டயருக்குக் காற்றடித்தால், மேலே ஜப்பான் இளவரசி வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஊரில் அனிமே பார்க்கிற பிள்ளைகள் இருக்கத்தான் செய்தார்கள். அவர்கள் எல்லாம் எங்கிருந்தோ ஓசியில் இறக்கி, ஜப்பானிய மொழியிலேயே பார்த்துவிட்டு, தமிழ்க் குரலைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிற கூட்டம். சந்தா கட்டிப் பார்க்க நாதியில்லை.

குக்கர் கம்பெனி வீடு வீடாக விற்பதை நிறுத்திவிட, குக்கர்காரர் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வந்தாள்.

"மாமா, விக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்."

"என்ன விக்கணும்?"

"அனிமே."

"அது என்ன, அரைக்கிறதா, பொரிக்கிறதா?"

"படம் மாமா. ஜப்பான்காரங்க வரைஞ்ச தொடர்கதை."

"ஓ, குழந்தைங்க பாக்குற பொம்மைப் படமா?"

"இன்னொரு தடவ குழந்தைங்கன்னு சொன்னீங்க, எழுந்து போயிடுவேன்."

விஷயம் இதுதான். மழையைக் கோட்டைக்குள் பூட்டி வைத்திருக்கிற ஒரு கொடுங்கோலன். அதைத் திருடிக்கொண்டு வரக் கிளம்புகிற ஒரு அண்ணனும் தங்கையும். மொத்தம் இருபத்துநாலு பாகம். பாதியைத் தமிழில் பேசி முடித்தாயிற்று, வாரத்துக்கு ஒன்றாக அவள் கம்பெனியின் செயலியில் வரும். இந்தப் பன்னிரண்டு முடிவதற்குள் பார்க்கிற கூட்டம் பெருகினால்தான் மீதிப் பாதி. பெருகாவிட்டால் டயர் கடை மாடிக்குப் பூட்டு, அக்கா மகளுக்குத் தலைமை அலுவலகம் இருக்கிற தூர தேசத்துக்கு மாற்றல்.

மாற்றல் என்ற சொல்லைக் கேட்டதும் குக்கர்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா எப்படி இருக்கிறாள், முழங்கால் வலி தேவலையா, இன்னும் என்னைத் திட்டுகிறாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இவளை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? "கொண்டா அந்த லேப்டாப்பை" என்றார்.

மறுநாளே கிளம்பிவிட்டார். பழைய வித்தைதான், அடுப்புக்குப் பதில் லேப்டாப். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முதல் மூன்று பாகங்களைப் போட்டுக் காட்டுவார். மூன்றாம் பாகத்தின் முடிவில் கோட்டைக் கதவு இறங்கும். தங்கை வெளியே, அண்ணன் உள்ளே. அந்த இடத்தில் பட்டென்று லேப்டாப்பை மூடிவிடுவார்.

"ஐயோ, அண்ணன் என்ன ஆனான்?" என்பார்கள்.

"உங்க போனைக் கொடுங்க, நானே போட்டுத் தர்றேன்" என்பார்.

ஒரு நாளைக்கு நாலு வீடு. ஆனால் நாலாம் பாகம் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது. உருளைக்கிழங்கு வெந்ததைக் காட்டினால் போதும், விற்கிறவன் எதற்குத் தின்ன வேண்டும் என்பது அவர் கொள்கை.

சிலர் சுலபத்தில் மசிய மாட்டார்கள். முடிவு என்னவென்று கேட்பார்கள். வியாபாரிக்குத் தெரியாது என்ற வார்த்தை வாயில் வரலாமா? தையல்கடை அக்காவிடம், "பன்னெண்டாம் பாகத்துல அண்ணனுக்கு அந்தச் சேனாதிபதி பொண்ணோட கல்யாணம். உடுப்பு எல்லாம் அப்படி வரைஞ்சிருக்கான், கண்ணு கூசும்" என்றார். ஓய்வுபெற்ற ஏட்டையாவிடம், "பன்னெண்டாம் பாகத்துல ராஜா கைது. கைவிலங்கு போட்டு நடத்தியே கூட்டிட்டுப் போறாங்க" என்றார். மருந்துக்கடைக்காரரிடம், "அண்ணனுக்கு விஷம் வெச்சிடுறாங்க. யாரு காப்பாத்துறான்னு நினைக்கிறீங்க? ஒரு மருந்துக்கடைக்காரர்!" என்றார். மருந்துக்கடைக்காரர் சந்தா கட்டியதோடு நிற்காமல், தன் மச்சான்மார் எல்லோரையும் கட்ட வைத்தார். எல்லோருக்கும் ஒரே தவணைதான்: பன்னிரண்டாம் பாகம். அதுவரைக்கும் பொறுத்தால் போதும்.

கூட்டம் பெருகியது. ஏட்டையா காலையில் நடக்கும்போது எதிரே வருகிறவர்களிடம் மழைக் கோட்டையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். தையல்கடையில் அளவு கொடுக்கப் போனவர்கள் கதை கேட்டுவிட்டு அளவு கொடுக்க மறந்து வந்தார்கள். தலைமை அலுவலகத்தில்தான் குழப்பம். அனிமே பார்க்கிறவர்கள் எல்லாம் ஐம்பது வயதுக்காரர்கள் என்று கணக்கு காட்டியதும், கம்ப்யூட்டருக்குக் கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். பிறகு அக்கா மகள் ஏதோ திருகுதாளம் பண்ணுகிறாள் என்று நினைத்தார்கள். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று ஒரு மேலாளர் அம்மா கிளம்பி வந்தார்.

அவருக்காகவே பன்னிரண்டாம் பாகத்தை எல்லோருக்கும் ஒன்றாகப் போட்டுக் காட்ட ஏற்பாடாயிற்று. பக்கத்துத் தெரு டியூஷன் சென்டர், பிளாஸ்டிக் நாற்காலி, வெள்ளைத் துணி. குக்கர்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எல்லோரையும் வரவேற்றார். கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வியர்த்தது. ஏட்டையா சீருடை மாதிரி காக்கிச் சட்டை போட்டு முன்வரிசையில். தையல்கடை அக்கா கல்யாண உடுப்பைப் பார்த்து வரைந்துகொள்ளத் தாளும் பென்சிலுமாக. மருந்துக்கடைக்காரர் மச்சான்கள் புடைசூழ. மூன்று பேருக்கும் மூன்று கதை விற்றிருக்கிறோமே என்பது அப்போதுதான் நம்ம ஆளுக்கு உறைத்தது.

இது போதாதென்று கடைசி வரிசையில் அவருடைய அக்காவே உட்கார்ந்திருந்தாள். மகள் எதற்காக ராப்பகலாக மெத்தை அறைக்குள் அடைந்து கிடக்கிறாள் என்று பார்க்க வந்திருக்கிறாள். குக்கர்காரர் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். டியூஷன் சென்டரில் படிக்கப் பெயர்ப்பலகைகூட இல்லை.

படம் ஓடியது. வேறு போக்கிடம் இல்லாததால் அவரும் பார்த்தார். தங்கை அடி வாங்கி, ஆறு நீந்தி, கடைசிக் கதவு வரைக்கும் வந்துவிட்டாள். எதிரே எதிரிப் படையின் புதுத் தளபதி. இரும்புத் தொப்பியைக் கழற்றுகிறான். அண்ணன்! "அண்ணா" என்கிறாள் அவள். அவன் சுவரைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துவிட்டு, "யாரு இந்தப் பொண்ணு? கதவைச் சாத்துங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கதவு இறங்குகிறது. படம் முடிந்தது.

விளக்கு எரிந்தது. உடனே ரகளை பிடித்துக்கொண்டது.

"கல்யாணம் எங்கய்யா?" என்று எழுந்தார் தையல்கடை அக்கா.

"கல்யாணமா? கைதுன்னுல்ல சொன்னான்!" என்றார் ஏட்டையா.

"மருந்துக்கடைக்காரர் வரவே இல்லையே!" என்றார் மருந்துக்கடைக்காரர். "யோவ் குக்கர்! வெளிய வாய்யா!"

ஏட்டையாவே அவரைச் சட்டையைப் பிடித்துப் பெட்டிக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா மகளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, என் கதையில கல்யாணம் எங்க வந்துச்சு?" என்றாள். மேலாளர் அம்மா பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

"ஆக, இவங்க யாரும் இந்தக் கதைக்காக வரல. நீங்க சொன்ன பொய்க்கு வந்திருக்காங்க. அப்படித்தானே?"

மடக்கிப் பேச ஆயிரம் வார்த்தை குக்கர்காரர் நாக்கு நுனியில் எப்போதும் இருக்கும். ஆனால் அவர் இன்னும் அந்தக் கதவையே நினைத்துக்கொண்டிருந்தார்.

"கோவத்துல இருக்கேன், இருந்தாலும் கேக்குறேன்" என்றார் தையல்கடை அக்கா. "அந்தப் பாவி நிஜமாவே தங்கச்சிய மறந்துட்டானா?"

"மறந்துதான் போயிட்டான். ஏதோ மருந்து கொடுத்திருக்காங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மருந்துமில்ல மண்ணுமில்ல, பதவி ஆசை" என்றார் ஏட்டையா.

"நடிக்கிறான்" என்றார் குக்கர்காரர்.

"நீ பேசாத! உனக்கு எப்படித் தெரியும்?"

"இனிமே என்னங்க நடக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. மூணுக்கு மேல இன்னைக்குத்தான் பாக்குறேன். ஆனா இது தெரியும்." அவர் கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. "கூடப் பொறந்தவ எதிர வரும்போது முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறவன் நான். மறந்துட்டா திருப்புறோம்? நேருக்கு நேர் பாத்தா நடுத்தெருவுல அழுதுருவோம்னு பயந்துதான் திருப்புறோம். அவனும் அதான் பண்றான். பொய் சொன்னா என் நாக்கு அழுகட்டும்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"யாரும் நம்பாதீங்க. இவன் சொன்னது எது நடந்திருக்கு?"

கொல்லென்று சிரித்தார்கள். ஏட்டையா திரும்பி, "யாரும்மா நம்புனா? அதுக்குத்தான் மிச்சத்தையும் பாத்தாகணும்" என்றார். மேலாளர் அம்மாவைப் பார்த்து, "மிச்சம் எப்பம்மா வரும்?" என்றார். "பாதியில நிறுத்திட்டுப் போற வேலை எல்லாம் இங்க வேண்டாம்" என்று மச்சான்களும் சேர்ந்துகொண்டார்கள். வாசல் பக்கம் நாலு பேர் போய் நின்றதைப் பார்த்தால் மேலாளர் அம்மாவை வெளியே விடுகிற உத்தேசமே இல்லை என்று தோன்றியது.

அவர் மெல்ல மறுபடி உட்கார்ந்தார். "மீதி வேணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றார்.

ஒரு கை பாக்கியில்லை. கடைசி வரிசையிலும் ஒரு கை எழுந்தது. "அவன் மறந்தானா நடிக்கிறானான்னு எனக்கும் தெரிஞ்சாகணும்" என்றாள் அக்கா.

"சரி, எழுத ஆரம்பிங்க" என்று அக்கா மகளிடம் சொல்லிவிட்டு மேலாளர் அம்மா புறப்பட்டார். அக்கா மகள் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

எல்லோரும் போன பிறகு குக்கர்காரர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து நின்ற அக்கா அவரைப் பார்க்காமல் வெள்ளைத் துணியைப் பார்த்துச் சொன்னாள்.

"அவன் மறந்துதான் போயிட்டான்."

"இல்லக்கா, நடிக்கிறான்."

"நடிக்கிறவனுக்கு உதடாவது துடிக்கும். நான் நல்லாப் பாத்தேன்."

"துடிச்சது. நீ இருந்த இடத்துல இருந்து தெரிஞ்சிருக்காது."

"எனக்குக் கண்ணு தெரியலைங்கறியா?"

படி இறங்கும்போதும் சண்டை, தெருவில் நடக்கும்போதும் சண்டை. தளபதி வேலையை அவன் ஏன் ஒத்துக்கொண்டான் என்று அக்கா கேட்டாள். தங்கையைக் காப்பாற்றத்தான் என்றார் இவர். அதற்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா, எத்தனை வருஷம் அவள் காத்திருப்பாள் என்று கேட்டாள் அவள். அப்போதுதான் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். இவர் படிக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"என்ன நின்னுட்டே இருக்க? கொசு வருது, கதவைச் சாத்தணும். உள்ள வா."

குக்கர்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.