தோட்டத்து மாப்பிள்ளையும் தங்க வந்தவர்களும்

மாடு மேய்ப்பது ஒரு தொழில். மாடு மேய்ப்பதைக் காட்டி அறை வாடகைக்கு விடுவது இன்னொரு தொழில். இரண்டையும் ஒருசேரச் செய்கிறவனுக்கு ஊரில் பேர் உண்டு, வாடிக்கையாளர் உண்டு, பெண் மட்டும் கிடையாது.

எங்கள் தோட்டம் மூலனூர்ப் பக்கம். கிணற்றுப் பாசனம் கொஞ்சம், மீதியெல்லாம் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு, அதில் காங்கேயம் மாடுகள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் துணிச் சாம்பிள், மாதத்துக்கு இரண்டு ஜாதகமாவது வந்துகொண்டிருந்தது. அப்பா படுத்த படுக்கையானார், நான் தோட்டத்துக்கு வந்தேன். அப்பா போனார், ஜாதகங்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. மாடுகளை விற்க எனக்கும் அம்மாவுக்கும் மனசு வரவில்லை. தீவனச் செலவுக்காக ஓட்டு வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, பட்டணத்துக்காரர்கள் வந்து தங்கலாம் என்று இணையத்தில் போட்டேன். இப்போது எனக்கு முப்பத்தாறு வயது.

முப்பது தாண்டியும் ஜாதகக் கட்டோடு அலைகிற தோட்டத்துப் பையன்களே, உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். கம்பெனி வைத்திருப்பவர்களும் படிக்கலாம், தடையில்லை.

குனிந்து நில்லுங்கள்

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கமும் வந்து நன்றாக வேரூன்றிவிட்டது. சாயப்பட்டறைக் குடும்பத்து மாப்பிள்ளை ஒருவர் வந்தார். விவசாயி மாதிரி படம் வேண்டுமாம். என் வேட்டியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார், என் துண்டைத் தலையில் உருமாலாகக் கட்டிக்கொண்டார். எங்கள் மயிலைக் காளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. காளைக்கு அது பிடிக்கவில்லை. அவர் கயிற்றைத் தொட்டதுமே தலையை ஒரு வீசு வீசியது. மாப்பிள்ளை வேலிக்கு அந்தப்பக்கம் போய் நின்றார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கயிற்றின் நுனி மாப்பிள்ளை கையில், மூக்கணாங்கயிற்றுப் பக்கம் என் கையில். நான் காளைக்கு அந்தப்பக்கம் கேமராவுக்குத் தெரியாமல் உட்கார்ந்து அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். பெண்ணின் அம்மா கொஞ்சம் தள்ளி நின்று, "என்ன கம்பீரமுங்க!" என்று கண் கலங்கினார். மாப்பிள்ளையைச் சொன்னாரா காளையைச் சொன்னாரா என்று தெரியவில்லை, என்னைச் சொல்லவில்லை என்று மட்டும் தெரியும். கேமராக்காரத் தம்பி என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்: "அண்ணா, உங்க தல தெரியுதுங்க. இன்னுங் கொஞ்சம் குனிஞ்சீங்கன்னா மாப்ளைதான் மாட்டப் புடிச்சிருக்கற மாதிரி இருக்கும்."

கண்ணில் சோகம்

பெங்களூரிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். நம் தமிழ்ப் பெண்கள்தான், அங்கே கம்ப்யூட்டர் வேலை. ஆங்கிலத்தில் ஒரு வகைக் காதல் கதை இருக்கிறதாம். சின்ன ஊர், பெரிய பண்ணை, தொப்பி வைத்த மாட்டுக்காரன், அவனைத் தேடி வரும் பட்டணத்துப் பெண். நான்கு பேருமே அதை விழுந்து விழுந்து படிக்கிறவர்கள். வந்ததும் முதல் கேள்வி, "குதிரை எங்கே?" மொபெட்டைக் காட்டினேன். பால் கேன் கட்டும் கம்பிகூடக் கழற்றாமல் இருந்தது. "தொப்பி?" ஹெல்மெட்டைக் காட்டினேன். அவர்கள் முகம் விழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் கல்யாணத் தரகர் போன் செய்தார். கோபிப் பக்கம் ஒரு இடம் ஏறக்குறைய முடிகிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை தோட்டத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும் பெண்ணின் அம்மா ஜாதகத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தண்ணித்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். மாடு ஒவ்வொன்றாக வந்து குடித்துவிட்டுப் போனது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அந்த நான்கு பேரும் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் ரகசியமாக, ஆனால் எனக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்: "பேசவே மாட்டேங்கறாரு பாரேன். இப்படி ஒரு சோகம் நம்ம ஆபீஸ் பசங்க மூஞ்சில வருமாடி?"

தரகரின் யோசனை

அந்தப் படத்தை அவர்கள் இணையத்தில் போட்டார்கள். அதைப் பார்த்து மேலும் பலர் வந்தார்கள். என் சோகம்தான் அந்த வருஷம் தீவனம் வாங்கியது. ஆனால் அதைப் பார்த்து ஒரு ஜாதகம்கூட வரவில்லை.

தரகர் நல்ல மனுஷர். அப்பாவுக்குத் தெரிந்தவர், அதனால் என்னைக் கைவிடாமல் வைத்திருந்தார். ஒரு நாள் நேரில் வந்து மோர் குடித்துவிட்டு நிலவரத்தைச் சொன்னார். வேண்டாம் என்று சொல்கிற பெண் வீட்டார் எல்லாருமே தோட்டங்காடு உள்ளவர்கள்தான். தாங்கள் பட்டதைப் பெண் படக் கூடாது என்று நினைக்கிறார்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எனக்குப் பெண் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். தரகர் மாட்டுக் கொட்டகையை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது. "ரெண்டு ஓவர்லாக் தையல் மெசினு வாங்கி இந்தக் கொட்டாயில ஒரு மூலைல போடுங்க கண்ணு. ஓடாட்டிப் பரவால்ல. கம்பெனி வெச்சிருக்கற மாப்பிள்ளைன்னு மீதியை நாஞ் சொல்லிக்கறேன்."

பிரதாப் கேட்டது

பிரதாப் ஒடிசாக்காரர். திருப்பூரில் நிட்டிங் மெஷினில் நின்று, பஞ்சுத்தூசியில் இருமல் வந்து, எங்கள் மாடுகளைப் பார்க்க வந்தவர். மனைவியும் பெண் குழந்தையும் இங்கேயே இருக்கிறார்கள். குழந்தை என்னை மாமா என்று கூப்பிடும். ஒரு நாள் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டே, ஏன் இன்னும் கல்யாணம் இல்லை என்று கேட்டார். சொன்னேன். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்ல மாடு எவ்ளோ இருக்கு கேட்டுத்தான் பொண்ணு குடுக்கும் அண்ணா. இங்க மாடு பாத்து போட்டோ எடுக்குது, பொண்ணு குடுக்கல. என்ன ஊர் அண்ணா இது?"

கதை முடிந்துவிடும்

போன தை மாதம் மடத்துக்குளத்திலிருந்து ஒரு குடும்பம் அறை கேட்டது. அப்பா, அம்மா, தாய்மாமன், நந்தினி என்று ஒரு பெண். சொந்தமாகத் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் தோட்டத்தில் தங்க எதற்கு வருகிறார்கள் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வந்தவர்கள் கேட்ட கேள்விகளும் வித்தியாசமாக இருந்தன. தாய்மாமன் போர்வெல் எத்தனை அடி என்று கேட்டார். பெண்ணின் அம்மா எங்கள் சமையலறைக்குள் போய் மேலே கீழே பார்த்தார். பெண்ணின் அப்பா, "உங்க அம்மாவுக்குச் சர்க்கரை கிர்க்கரை இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டார். அக்கறையான மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

நந்தினி திருப்பூரில் ஒரு கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னதே, "உங்க பனியன் முறுக்கிக்கிச்சுங்க" என்பதுதான். குனிந்து பார்த்தேன். துவைத்துத் துவைத்துப் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்திருந்தது. பழைய மெர்ச்சண்டைசரான எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதிலிருந்து துணியைப் பற்றிப் பேசினோம், பிறகு மாட்டைப் பற்றி. மழை பொய்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். லாரியில் வைக்கோல் வாங்குவோம், அதுவும் முடியாவிட்டால் ஒன்றிரண்டைச் சந்தைக்கு ஓட்டுவோம், ஓட்டிவிட்டு வந்த அன்று யாரும் சாப்பிட மாட்டோம் என்றேன். மற்ற விருந்தாளிகளிடம் இதையெல்லாம் நான் சொல்வதில்லை. அவளிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. அவளை எனக்குப் பிடித்துவிட்டது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவளும் அந்த மாட்டுக்காரன் கதைகளை போனில் படிக்கிறவள்தான். அதில் பட்டணத்துப் பெண் பண்ணைக்கு வந்தால் திரும்பிப் போவதே இல்லை என்றாள். "அப்புறம்?" என்று கேட்டேன். கன்றுக்குட்டி நக்கிக்கொண்டிருந்த கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "அப்புறம் என்னங்க, கதை முடிஞ்சுரும்."

கை நனைத்தது

மூன்றாம் நாள் காலை அவர்கள் கிளம்ப வேண்டும். பலகாரம் பரிமாறிக்கொண்டிருக்கும்போது தரகர் போன் செய்தார். "கண்ணு, சொல்லிப்போட்டா நீங்க தோட்டத்தச் சோடிச்சு வெச்சுருவீங்கன்னுதான் சொல்லுல. அவிய உங்களப் பாக்கத்தான் வந்திருக்கறாங்க. பொண்ணுக்கும் தெரியும்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. அம்மாவைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அதாவது சாப்பிட மாட்டார்கள். ஒரு வாய் சோறு சாப்பிட்டாலும் சரி என்று சொன்ன மாதிரிதான். இவர்களோ இரண்டு நாளாக அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவின் கணக்கு அப்படியே கூடி வந்துவிட்டது. "கை நனைச்சுட்டாங்கடா சாமி" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா போனபோதுகூட அவள் அப்படி உடைந்து அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய்யை டப்பாவோடு எடுத்துப் போய் எல்லார் இட்லியிலும் ஊற்றினாள். நந்தினியின் இலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். நந்தினி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் நினைத்தோம்.

கை கழுவிவிட்டு வந்த நந்தினியின் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனேன். வாடகை எவ்வளவு என்று கேட்டார். அதெல்லாம் வேண்டாங்க, நம்ம ஊடு மாதிரி நினைச்சுக்கங்க என்றேன். அவர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து என் கையில் வைத்து, விரல்களையும் அவரே மடக்கிவிட்டார். அம்மா நெய் டப்பாவோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. "சாப்பாட்டுக்கும் சேத்துத்தானுங்க குடுத்திருக்கறேன் தம்பி. சும்மா சாப்புட்டுட்டுப் போனமுன்னு ஆயிரக் கூடாது பாருங்க."

வடக்குப் பார்த்த அறை

அன்றைக்கு அம்மா அடுப்பு பற்ற வைக்கவில்லை. தரகர் ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது, மாப்பிள்ளையைக் குறையே சொல்லவில்லை, இடமும் அவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு இல்லை என்று மட்டும் சொன்னார்கள் என்றார். பெண் என்ன சொன்னாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஆவணி பிறந்ததும் நந்தினியின் அப்பா நேரடியாகவே போன் செய்தார். அம்மா சௌக்கியமா, மழை உண்டா என்றெல்லாம் விசாரித்தார். திருப்பூரிலேயே ஒரு இடம் அமைந்துவிட்டதாம், மாப்பிள்ளை பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறாராம். நல்லதுங்க என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்கு ஒரு நல்லது செய்கிற மாதிரியான குரல், உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருப்பார். "கல்யாணம் முடிஞ்சதும் மொத மொதல்ல உங்க தோட்டத்துல தான் வந்து தங்கோணுமுன்னு பாப்பா ஒரே புடிவாதமுங்க. அந்த வடக்குப் பாத்த ரூமு, ரெண்டு நாளைக்கு. வேற யாருக்கும் குடுத்துராதீங்க தம்பி, உங்கள நம்பித்தான் மாப்ளகிட்டச் சொல்லியிருக்குது."

ஆக, சக பாவிகளே, என் தோட்டத்தில் இரண்டு நாள் வாழ்ந்து பார்க்க ஊரே வரிசையில் நிற்கிறது, மூன்றாம் நாள் காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்ட நானும் அம்மாவும்தான்.